யாலிம்பே ஊருக்கு அத்தை திரும்பி வந்த கதை

இடித்த மரவள்ளி மாவை நீளமாக உருட்டி, காட்டிலிருந்து பறித்துவந்த அகல இலையின் நடுவில் கிடத்தி, இரண்டு பக்கமும் மடித்து, நாரால் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் இலோங்கா. படகுத்துறையில் முரசை இறக்குகிறார்கள், ஊரே அங்கேதான் நிற்கிறது என்று நாத்தனார் யெங்கா வாசலில் நின்று சொன்னபோதும் அவள் கையை நிறுத்தவில்லை. கூட்டம் என்றாலே அவள் ஒதுங்கிப்போகிறவள். அதோடு மரம் ஏற்றிப்போகும் கப்பல் மதியம் துறைக்கு வந்துவிடும், அதற்குள் இந்தப் பொட்டலங்களை வேகவைத்து எடுத்துக்கொண்டு போனால்தான் கப்பல்காரர்கள் வாங்குவார்கள். முதுகில் துணியால் கட்டியிருந்த பெண்குழந்தை, அம்மாவின் கை ஓடுகிற ஓட்டத்துக்குத் தகுந்தபடி ஆடிக்கொண்டு பாதித் தூக்கத்தில் கிடந்தது.

"உன் பிள்ளைக்காகத்தாண்டி அத்தை வந்திருக்கா. நீ போகாம வேற யார் போறது?" என்றாள் யெங்கா.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இலோங்கா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

அத்தை என்று அவர்கள் சொன்னது முரசைத்தான். ஒரே மரத்தைக் குடைந்து செய்த முரசு அது, தோல் கிடையாது, மேலே நீளமாக ஒரு வாய் மட்டும், அந்த வாயின் ஒரு உதட்டைத் தட்டினால் தடித்த குரல், இன்னொரு உதட்டைத் தட்டினால் மெல்லிய குரல். அந்தப் பெரிய ஆற்றின் கரையில் இருக்கிறவர்களுக்கு முரசு பேசும் என்பது மழை பெய்யும் என்பதைப் போலத் தெரிந்த விஷயம், தடித்ததும் மெல்லியதுமாக மாற்றி மாற்றித் தட்டினால் சொல்லாகிவிடும், சொல் ஆற்றைத் தாண்டிப் போய்விடும். யாலிம்பேயில் ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு வீட்டில் ஒரு பெயர் வைப்பார்கள், ஆனால் அது வாசற்படிக்குள் கூப்பிடுகிற பெயர். வாழ்நாள் முழுவதும் கூடவரும் பெயரை முரசுதான் கூப்பிட்டு வைக்கும், அப்பன் வழி, ஆத்தாள் வழி எல்லாம் சேர்த்து ஒரு பாட்டு மாதிரி நீளமாக இருக்கும் அந்தப் பெயர், காட்டுக்குள் போனவனுக்கும் கேட்கும், அக்கரைக்குக் கட்டிக்கொடுத்தவளுக்கும் கேட்கும், செத்தவர்களுக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். பெயர் வைக்கிற உரிமை அத்தைக்குத்தானே, அதனால் அவளை அத்தை என்றார்கள்.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில், ரப்பர் பால் எடுக்க ஆள் பிடிக்க வந்த துரை எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் காலியாகக் கிடந்ததாம். அவன் படகு வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே முரசு சொல்லிவிடுகிறது என்று அவன் கண்டுபிடித்தபோது, ஆளைப் பிடிப்பதை விட்டுவிட்டு அத்தையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதற்கப்புறம் யாலிம்பேயில் பிறந்த யாருக்கும் முரசுப் பெயர் கிடையாது. தேசம் விடுதலையாயிற்று, கொடி மாறிற்று, தலைவர்கள் மாறினார்கள், ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட மட்டும் ஒரு வழியும் இல்லாமலே இருந்தது. இலோங்காவின் புருஷன் பொலெகாவும் மரக்கப்பலோடு போனவன்தான், பிள்ளை பிறந்த சேதி அவனுக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, அதுவே தெரியாது. முரசைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்று ரேடியோவில் கேட்ட அன்றைக்கு இலோங்கா மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள், என் மகளுக்கு அத்தை வாயால்தான் பெயர், அதுவரைக்கும் ஒன்றும் வேண்டாம். அதனால் மருத்துவமனைப் பதிவில்கூட அந்தக் குழந்தை இன்னும் இலோங்கா பிள்ளைதான்.

அத்தையைத் துறையில் இறக்கி, பஞ்சும் காகிதமும் பிரித்து, பனையோலை விரித்து உட்காரவைத்தார்கள். மரம் வெளிறி, இளைத்துப்போய்த் தெரிந்தது. அங்கே சோறு சரியில்லை போலிருக்கிறது என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். ஊரில் சாவுக்கு அடிக்கிற சின்ன முரசுகளில் பழைய அடிகளைக் கற்றுவைத்திருந்த ஒரே ஆள் லொத்திகா, அக்கரைப் படகின் இஞ்சினைப் பார்க்கிற மெக்கானிக், அன்றைக்கு எண்ணெய்க் கறை இல்லாத சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். இரண்டு கோலையும் எடுத்து, "அத்தை, நல்லபடியா வந்தியா" என்கிற அடியை அடித்தான்.

முரசு தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு அவன் அடித்ததற்குச் சம்பந்தமே இல்லாமல், தடித்த குரலும் மெல்லிய குரலும் சேர்ந்து, வெள்ளைக்காரன் பாஷையில், மிகவும் மரியாதையாக ஒன்று சொன்னது. பள்ளிக்கூட வாத்தியார் அதை ஊருக்குச் சொன்னார்: "தயவுசெய்து தொடாதீர்கள்."

லொத்திகா மறுபடி அடித்தான். இன்னும் பத்து நிமிடத்தில் கதவுகள் மூடப்படும் என்றது. பலமாக அடித்தான். குடைகளை வாசலில் வைத்துவிட்டு வரவும் என்றது. வியர்க்க வியர்க்க அடித்தான், அமைதி காக்கவும் என்றது. அவன் கை ஓங்க ஓங்க அத்தையின் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. எண்பது வருஷம் காதில் விழுந்ததைத்தானே பேசுவாள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள், எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. வெளியூரில் ரொம்பநாள் இருந்துவிட்டு வருகிறவன் கொஞ்சநாள் அந்த ஊர்ப் பேச்சாகத்தான் பேசுவான், அதற்காகச் சோறு போடாமலா இருக்கிறோம். யாரும் அத்தையை ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. பஞ்சாயத்துக் கொட்டகைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு கூரை போட்டுக் கொடுத்தார்கள், பெண்கள் கிண்ணத்தில் பனையெண்ணெய் கொண்டுவந்து லொத்திகாவிடம் கொடுத்துத் தடவச் சொன்னார்கள், எத்தனை கிண்ணம் ஊற்றினாலும் மரம் குடித்தது.

பிறகு, லொத்திகா தினமும் வந்து அடித்துப் பார்க்கும்போதெல்லாம் அவள் சொன்னதைக் கேட்டு, ஊர் அவள் சொன்னபடி நடக்கப் பழகிக்கொண்டது. கதவு மூடப்படும் என்று அத்தை சொன்னால் மீன் சந்தையில் பேரம் பத்து நிமிடத்தில் முடிந்தாக வேண்டும், அதனால் யாலிம்பேயில் மீன் விற்காமல் நாறுவது நின்றுபோயிற்று. பஞ்சாயத்துக்கு வருகிறவர்கள் குடையை வாசலில் போட்டுவிட்டு வந்தார்கள், குடையால் குத்துவதற்கு வழியில்லாததால் அந்த வருஷம் எந்தக் கூட்டமும் சண்டையில் முடியவில்லை, வட்டார அதிகாரியின் குடை மட்டும் காணாமல் போயிற்று. அத்தை அமைதி காக்கவும் என்று சொல்கிற நேரம் பார்த்துத் தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கத்தை ஆரம்பித்தார், அவர் ஊருக்கு வந்ததிலிருந்து முதல்தடவையாக அவர் பேசியதை எல்லோரும் கேட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பெயர் மட்டும் வரவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் வட்டார அதிகாரி, யாருடையதோ ஒரு குடையோடு வந்து, தலைநகரத்து உத்தரவைச் சொன்னார். விடுதலைப் பொன்விழாவுக்குப் பண்பாட்டு அமைச்சர் யாலிம்பேக்கே வருகிறார், ரேடியோ வருகிறது, முரசு அன்றைக்கு நாட்டுக்குச் செய்தி சொல்ல வேண்டும், சொன்னால் இங்கேயே இருக்கலாம், சொல்லாவிட்டால் தலைநகரத்துக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் கட்டியிருக்கிற காட்சிசாலையில் வைத்துவிடுவார்கள். மறுபடியும் கண்ணாடியா என்று யெங்கா கேட்டாள். நல்ல கண்ணாடி, நம்முடைய கண்ணாடி என்றார் அதிகாரி.

அன்றைக்கு இலோங்கா மாவை உருட்ட உட்கார்ந்தாள், கை ஓடவில்லை. அத்தை போய்விட்டால் பிள்ளை பெயரில்லாமலே வளர்ந்துவிடும், தன்னைப்போல. தன்னைப்போல என்று நினைத்தபோதுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. அங்கே கன்னியாஸ்திரி அவளுக்கு யூலாலி என்று ஒரு பெயர் வைத்திருந்தார், கூப்பிட்டால் அவளுக்குத் திரும்பிப் பார்க்கவே தோன்றாது. வீட்டுப் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் கழுத்தில் ஒரு பலகையை மாட்டிவிடுவார்கள், வேறொரு பிள்ளை அப்படிப் பேசும்போது பிடித்துக் கொடுத்தால் பலகை அந்தப் பிள்ளை கழுத்துக்குப் போய்விடும். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பலகை போகவில்லை. நாலாம் வகுப்பில் ஒருநாள் அது இலோங்காவின் கழுத்துக்கு வந்தது. மற்ற பிள்ளைகள் பேசியது அவள் காதில் விழாமல் இல்லை. ஆனால் அவள் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. நாள்கணக்கில் அதை மாட்டிக்கொண்டே திரிந்துவிட்டு, கடைசியில் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். அதிலிருந்து நாலுபேர் முன்னால் அவளுக்குக் குரல் வராது. பிள்ளையிடம் மட்டும் வரும்.

அத்தைக்குத் திமிர் இல்லை, பயம் என்று அவளுக்கு அப்போது பட்டது. எதைச் சொன்னால் அடி விழாதோ அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

யாரிடமும் சொல்லாமல் இலைக்கட்டையும் மாவுச் சட்டியையும் எடுத்துக்கொண்டு போய் அத்தையின் கூரைக்குக் கீழே உட்கார்ந்தாள். சந்தை கலைந்த பிறகு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது, நிழலும் உண்டு. பெண்கள் முரசைத் தொடக்கூடாது என்பது வழக்கம், அவள் தொடவில்லை. அடிக்கவில்லை, கெஞ்சவில்லை, பேசு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலை மடித்தாள், நார் கட்டினாள், பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள். இது கெட்டி மாவு, இது தண்ணி மாவு, அதோ பார் கொக்கு, உங்கப்பன் அந்த வளைவு வழியாத்தான் வருவான், உங்கம்மா கழுத்துல ஒரு பலகை கிடந்துச்சு தெரியுமா, கனமா இருந்துச்சு. தினமும் இப்படித்தான்.

பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம் அது நேராகப் போய், இலோங்கா எட்டிப் பிடிப்பதற்குள், அத்தையின் மெல்லிய உதட்டில் உள்ளங்கையால் பட்டென்று ஒரு தட்டுத் தட்டிற்று. முரசு தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "ப்பா, ப்பா, ம்பா" என்றது. பிள்ளை சிரித்துக்கொண்டு அதையே திருப்பிச் சொல்லிற்று, முரசும் திருப்பிச் சொல்லிற்று.

சேதி பரவியதும் பஞ்சாயத்துக் கூடியது. பெண் தொட்டுவிட்டாளே என்று லொத்திகா கேட்டான். நெடுநேரம் பேசி, பெயர் வைக்காத பிள்ளை இன்னும் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, ஆகவே எந்த வழக்கமும் உடையவில்லை, அது தினமும் தொடலாம், அதன் அம்மா கூட இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு யாலிம்பே முழுவதும் ஒரு பிள்ளை வளர்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது. அத்தை இன்றைக்கு என்ன சொன்னாள் என்று துணி துவைக்கிற இடத்தில் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீர் என்றாள், கொக்கு என்றாள். சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையை இறக்கிவைத்து அவள் பக்கத்தில் கொஞ்சநேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள். ஒருநாள் காலையில் அவள் ஒரு கெட்ட வார்த்தையை ஆற்றுக்குக் கேட்கிறமாதிரி சொன்னாள், அதை யார் சொல்லிக்கொடுத்தது என்று மீன்பிடிக்கிறவர்களுக்குள் தகராறு வந்தது, எல்லோரும் நான்தான் நான்தான் என்றார்கள். முதல்முதலாக அவள் முழுசாகச் சொன்னது, குழம்புக்கு உப்பு போதுமா என்பது. யெங்கா அதைத் தன் பேச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"ராஜாக்கள் வம்சம் சொன்ன வாயி. இப்ப உப்பு கேட்குது" என்று லொத்திகா பெருமூச்சு விட்டான்.

"உன் ராஜா என்ன, உப்பில்லாமலா தின்னான்?" என்றாள் யெங்கா. லொத்திகா சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சின் கோளாறுகளை அத்தையிடம் சொல்ல ஆரம்பித்தான்.

பொன்விழா நாளில் துறை முழுக்கக் கொடி கட்டி, அத்தையையும் அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அமைச்சர் மேல்கோட்டு போட்டுக்கொண்டு, வெயிலில் வியர்த்துக்கொண்டு, நல்ல சிரித்த முகத்தோடு வந்தார். ரேடியோக்காரி மைக்கோடு நின்றாள். முரசு சொல்ல வேண்டிய செய்தியைத் தலைநகரத்திலேயே தயார் செய்திருந்தார்கள், ஒரே நாடு, ஒரே குரல், ஒரே தலைவர் என்று, அதுவும் வெள்ளைக்காரன் பாஷையில், அதுதானே இன்னமும் ஆட்சி பாஷை. லொத்திகா அதை அடிகளாக மாற்றிப் பழகி வைத்திருந்தான். கோலை எடுத்து அடித்தான். முரசு பேசவில்லை. மறுபடி அடித்தான். வெறும் மரத்தில் தட்டுகிற சத்தம்தான் வந்தது. நாடு முழுவதும் ரேடியோவில் அந்த மரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வட்டார அதிகாரி குனிந்து அமைச்சரின் காதில் ஏதோ சொன்னார். அமைச்சர் வருத்தத்தோடு தலையாட்டினார். நாலு சிப்பாய்கள் கயிற்றோடு வந்து அத்தையைப் பிடித்தபோது, அவள் தொண்டையைச் செருமி, பழைய மரியாதை கொஞ்சமும் குறையாமல், தயவுசெய்து தொடாதீர்கள் என்றாள். சிப்பாய்கள் பழக்கதோஷத்தில் கையை எடுத்துவிட்டார்கள். அமைச்சரே ஒரு நிமிடம் சிரித்துவிட்டார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான், துணியைப் போர்த்தி ஏற்றுங்கள் என்றார்.

அவர்கள் துணியை உதறிய நேரத்தில் இலோங்கா கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். நடுவில் இருந்த வெற்றிடத்தைத் தாண்டி நடந்தாள். ஊர் பார்க்கிறது, சிப்பாய் பார்க்கிறான், அமைச்சர் பார்க்கிறார், கழுத்தில் பலகை கிடக்கிறமாதிரியே கனத்தது. முதுகிலிருந்து பிள்ளையை அவிழ்த்து முரசின் பக்கத்தில் உட்காரவைத்தாள். தினமும் பேசுகிற அதே குரல்தான் வந்தது, அதற்குமேல் அவளிடம் குரல் இல்லை. ஆனால் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது, மைக்குக்கும் கேட்டது.

"அத்தை, பிள்ளைக்குப் பேரு வேணும்" என்றாள் வீட்டுப் பேச்சில்.

யாரும் கோலைத் தொடவில்லை. முரசு தானாகவே ஒலித்தது, முதலில் உதடுகள் இரண்டும் அதிர்ந்தன, பிறகு துறை அதிர்ந்தது, பிறகு அக்கரை மரங்களிலிருந்து பறவைகள் எழுந்தன. "மழை விட்டதும் முதலில் தவழ்ந்து வந்தவள், மரத்தோடு போனவன் திரும்பிப் பார்க்கிற கரை, பலகையை இன்னொருத்தி கழுத்தில் மாட்டாதவளின் மகள், யாலிம்பேயின் மகள், வந்தாள், வந்தாள்" என்று கூப்பிட்டது. ஒருமுறை கூப்பிட்டு, ஆறு அதை எடுத்துக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்து, மறுபடியும் கூப்பிட்டது. வளைவுக்கு அப்பால் எங்கேயோ ஒரு கப்பல் ஊதிற்று. யெங்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவளிடம், எங்க வீட்டுப் பிள்ளை என்றாள், தெரியாதவர்கள் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று. யாலிம்பே மக்கள் நின்ற இடத்திலேயே நிமிர்ந்தார்கள், அன்றைக்கு அத்தனைபேரும் ஒரு விரற்கடை உயரமாகத் தெரிந்தார்கள்.

அமைச்சர் கோட்டைக் கழற்றி அதிகாரியின் கையில் கொடுத்தார். அவர் மேலாற்றுக்காரர், மிஷன் விடுதியில் வளர்ந்தவர். மெதுவாக முரசின் பக்கத்தில் வந்து, தன் சொந்தப் பேச்சில், ரொம்பநாள் பூட்டிக்கிடந்த கதவைத் திறக்கிறவர் மாதிரி தடுமாறி, பெரியவர்களுக்கும் உண்டா என்று கேட்டார். உன் ஆத்தாள் பேர் என்ன என்று கேட்டது முரசு. நாலுபேர் முன்னால் அவர் சொல்லாத பேச்சு கிடையாது, அம்மா பெயரை மட்டும் எங்கேயும் சொன்னதில்லை. சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தலையைத் தூக்காமலே, கயிற்றை எடுத்துக்கொண்டு போங்கள், இவர்கள் இங்கேயே இருக்கட்டும் என்றார், இவர்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

அவருக்குப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. லொத்திகா நின்றான், வாத்தியார் நின்றார், பாதிரியார் கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல நின்றார், சிப்பாய்கள் துப்பாக்கியைக் குடைபோலத் துறை வாசலில் வைத்துவிட்டு வந்து நின்றார்கள். இலோங்கா வரிசையில் நிற்கவில்லை. பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது, அது போதும் என்று மகளை இடுப்பில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நடந்தவளை ரேடியோக்காரி மறித்து, மைக்கை நீட்டி, நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது, முரசுக்கு எப்படித்தான் பேசக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்டாள். இலோங்கா தலையைக் குனியப் பார்த்தாள், பிறகு குனியவில்லை.

"அதுல ஒன்னும் வித்தை இல்லக்கா" என்று ஆரம்பித்தாள். அப்போது வரிசையில் முன்னால் நின்றவனைக் கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, முரசு யாரும் அதுவரை கேட்காத ஒரு பெயரைக் கூப்பிட்டது. "தாழ்ந்த குரலில் ஆற்றைத் தாண்டினவள், பேசாத வாயின் பக்கத்தில் உட்கார்ந்தவள், வா, வா" என்றது. அது யார் என்று கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இலோங்கா மட்டும், வாழ்நாளில் முதல்தடவையாக, கூப்பிட்ட உடனே திரும்பிப் பார்த்தாள். "இதோ வந்துட்டேன் அத்தை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நடந்துகொண்டே ரேடியோக்காரியைத் திரும்பிப் பார்த்து, "பேசத் தெரியாம இல்லக்கா அவ, எங்களுக்கெல்லாம் தெரியும், என்ன ஒன்னு, பக்கத்துல யாராவது உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.